ஷெல்பி கேட்ட துணை

கொரின் டெக்கரை எங்கள் ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. பள்ளிக்கூடத்து மஞ்சள் பஸ்ஸை ஓட்டுகிறவள். மிச்சிகன் ஏரிக்குக் கிழக்கே, ஆப்பிள் தோப்புகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து போகும் எங்கள் ஹார்லோ ஊரின் சாலைகளில், பனி கொட்டினாலும் சரி, மூடுபனிக்குள்ளிருந்து மான் குறுக்கே பாய்ந்தாலும் சரி, ஊர்ப் பிள்ளைகளை ஒரு கீறல் இல்லாமல் வீடு சேர்த்தவள். இறங்கும் பிள்ளையின் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிடுவாள். வாசலில் நிற்கும் தாயைப் பார்த்துக் கையசைப்பாள். அப்புறம் கதவை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

"ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் எனக்கு ஒரு தடவை வயிறு எரியும்," என்று ரொம்ப நாள் கழித்து என் மனைவியிடம் சொன்னாள். "அப்படியே ஓட்டி ஓட்டிப் பழகிப்போச்சு."

அவளுக்கு ஒரு தங்கை. பெயர் ஜில்லியன், ஊருக்கு ஜில். இரண்டு பேரும் என் பக்கத்துத் தோப்புக்காரர் ஹார்வியின் பெண்கள். சிறுவயதிலிருந்தே அக்கா பார்த்துப் பார்த்துப் பாடுபடுவாள். தங்கை சிரித்துக்கொண்டே வந்து தட்டிக்கொண்டு போவாள். அறுவடைச் சந்தைக்கு கொரின் மூன்று முறை ஒத்திகை பார்த்துச் சுட்ட கேக் ஓரமாக இருக்கும். ஜில் அவசரத்தில் கிளறிக் கொண்டுவந்த கேக்குக்கு முதல் பரிசான நீல ரிப்பன் கிடைக்கும். கொரினுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் ஜில்லுக்கு ஆனது. ஆனாலும் ஜில்லுக்கு வரிசையாக மூன்று பிள்ளைகள். மூன்றாவதைப் பற்றிச் சொல்ல வந்தபோது ஜில்லுக்கே நாக்கு புரளவில்லை.

"கோவிச்சுக்காதே கொரின். இது நாங்க நினைக்காம வந்தது," என்றாள்.

அந்த 'நினைக்காம' என்ற சொல் கொரினின் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. நினைத்து நினைத்து, ஊசி போட்டு, ஆஸ்பத்திரி மாற்றி, கடைசியில் டாக்டரே கையை விரித்த பிறகு வீட்டுக்கு வந்து படுத்தவள் அவள்.

அவள் புருஷன் டர்க், ஆப்பிள் குளிர்கிடங்கில் வேலை பார்க்கிறவன். அதிகம் பேசமாட்டான். அவன்தான் ஒரு நாள், "நம்ம வயித்துல பொறந்தாத்தான் நம்ம பிள்ளையா?" என்று கேட்டான். இருவரும் தத்தெடுக்கப் பதிந்துகொண்டார்கள். அங்கே முறை என்னவென்றால், பிள்ளையைத் தன்னால் வளர்க்க முடியாது என்று வரும் கர்ப்பிணிப் பெண், காத்திருக்கும் குடும்பங்களின் ஆல்பங்களைப் புரட்டிப் பார்த்துத் தானே ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுப்பாள். யாருக்கு எப்போது வாய்க்கும் என்று சொல்ல முடியாது. கொரினுக்குப் பின்னால் வந்து பதிந்த ஒரு ஜோடியை, நாற்காலி சூடாவதற்குள் ஒருத்தி தேர்ந்தெடுத்துவிட்டாள். வாழ்த்துச் சொல்ல கொரின் ஒரு பெரிய தட்டில் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வேகவைத்து எடுத்துக்கொண்டு போனாள். அவர்கள் வீட்டு வாசலில், பிள்ளை வந்தாயிற்று என்று ஊருக்குச் சொல்லும் நாரைப் பொம்மை கட்டியிருந்ததாம். காரைவிட்டு இறங்காமலே திரும்பி வந்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க டர்க்கும் அவளும் அதையேதான் தின்றார்கள்.

"நல்லவேளை," என்றானாம் டர்க். "எனக்கு அந்த வீட்டுக்காரப் பயலை முதல்லேருந்தே பிடிக்காது. உருளைக்கிழங்கு நமக்கு மிச்சம்."

அவர்களுடைய ஆல்பத்தில் முக்கால்வாசி இலையுதிர்காலப் படங்கள். எங்கள் பக்கத்தில் மனிதர்கள் முகம் மலர்ந்து இருப்பதே அந்த இரண்டு மாதம்தான். மேப்பிள் இலைக் குவியலில் டர்க் தலைகீழாக விழுந்து கிடப்பது, பூசணியைக் குடைந்து கொரின் செய்த கோணல் வாய்ப் பூதம், வைக்கோல் வண்டியில் குடும்பமே அடைந்துகொண்டு போவது, ஹார்வி வீட்டுக் கொப்பரை நாள் என்று எல்லாம் அதில் இருந்தன. முதல் உறைபனிக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, ஹார்வி தன் தோட்டத்தில் நெருப்பு மூட்டிச் செப்புக் கொப்பரையை ஏற்றுவார். ஆப்பிளும் ஆப்பிள் சாறுமாகக் கொட்டி, காலையிலிருந்து சாயங்காலம்வரை கை ஓயாமல் கிண்டினால் அல்வா பதத்துக்கு இறங்கி, கறுத்து, பட்டையும் கிராம்பும் மணக்கும். அக்கம்பக்கமே வந்து கிண்டும். நானும் என் மனைவியும் வருஷா வருஷம் போவோம்.

அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில் நோரீன் கூப்பிட்டாள். தத்துக் கொடுக்கும் அமைப்பில் கொரினின் வேலைகளைக் கவனித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். ஷெல்பி என்று ஒரு பெண், இருபது வயது, ஏரிக்கரைச் சிற்றூரில் ஓர் உணவு விடுதியில் பரிமாறுகிறவள், இவர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். நவம்பரில் பிள்ளை பிறக்கும். அதற்கு முன்னால் அந்தக் கொப்பரையை அவள் நேரில் பார்க்க ஆசைப்படுகிறாள்.

கொரின் முதலில் அழுதாள். அழுது முடித்ததும் ஜில்லுக்குத்தான் போன் போட்டாள்.

"ஜில், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கமாட்டியே?"

"தப்பாத்தான் சொல்லப்போறே. சொல்லு."

"அன்னிக்கு நீ கொஞ்சம் அடக்கி வாசி. உன் பிரசவக் கதையெல்லாம் எடுத்துவிடாதே. அந்தப் பொண்ணு என்னைப் பார்க்க வருது."

"வாயைத் தச்சுக்கிட்டு வர்றேன் போதுமா?" என்று சிரித்தாள் ஜில்.

அந்தச் சனிக்கிழமை ஷெல்பி வந்தாள். ஒல்லியான பெண், பெரிய வயிறு, யாரோ ஒரு ஆணின் கம்பளிச் சட்டை. கொரின் அவளுக்கென்று மெத்தை போட்ட நாற்காலி வைத்திருந்தாள், கால் வைக்க முக்காலி வைத்திருந்தாள். குளிருகிறதா, பசிக்கிறதா, படம் பார்க்கப் பிடிக்குமா, பிள்ளைக்கு எந்த மதப் பழக்கம் வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்த கேள்விகள். ஷெல்பி எல்லாவற்றுக்கும், "பரவாயில்ல மிஸஸ் டெக்கர்," "எதுவானாலும் சரி மிஸஸ் டெக்கர்," என்றாள். நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஜில் கொப்பரைப் பக்கம் கிண்டுகிற மரத்துடுப்போடு நின்றுகொண்டிருந்தாள். உண்மையிலேயே அவள் அதுவரை வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஷெல்பியின் பார்வை அடிக்கடி நெருப்புப் பக்கம் போவதைப் பார்த்துவிட்டாள்.

"ஏம்மா, சும்மா உட்கார்ந்து சாப்பிடலாம்னு வந்தியா? இங்க கிண்டாதவங்களுக்குப் பங்கு கிடையாது," என்றாள்.

ஷெல்பி எழுந்துவிட்டாள். "எனக்குக் கிண்டத் தெரியாதே."

"எங்க அப்பாவுக்குந்தான் தெரியாது. இத்தனை வருஷமா கிண்டலையா? பிடி. ஆனா துடுப்பு கொப்பரையில இடிச்சா, பக்கத்துல நிக்கிறவருக்கு முத்தம் குடுக்கணும். அது சட்டம்."

"பக்கத்துல நிக்கிறது யாரு?"

"எங்க அப்பாதான். வேணும்னேதான் நிக்கிறாரு. பார்த்துக் கிண்டு."

இரண்டாவது சுற்றிலேயே 'ணங்'கென்று இடித்தது. ஹார்வி தொப்பியைக் கழற்றிவிட்டுக் கன்னத்தைக் காட்டினார். ஷெல்பி முத்தம் கொடுத்துவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், தோட்டம் முழுக்கக் கேட்டது. அங்கிருந்த நாங்களும் சிரித்தோம். கொரினும்தான் சிரித்தாள். ஆனால் காலி நாற்காலியின் முதுகை அவள் கை இறுக்கிப் பிடித்திருந்தது.

மதியத்துக்கு மேல் ஷெல்பி ஜில்லைவிட்டு நகரவே இல்லை. 'ஜில்', 'ஜில்' என்றுதான் கூப்பிட்டாள். ரொம்ப வலிக்குமா என்று கேட்டாள். "பொய் சொல்லமாட்டேன். உயிர் போகும். நான் என் புருஷன் கையைக் கடிச்சேன், இப்பவும் தழும்பு இருக்கு, காட்டச் சொல்லவா?" என்றாள் ஜில். திடீரென்று ஷெல்பி, "ஐயோ, உதைக்குது," என்று சொல்லி, ஜில்லின் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள்.

கொரின் ஐந்தடி தள்ளி, ஆவி பறக்கும் ஆப்பிள் சாற்றுக் கோப்பையோடு வந்துகொண்டிருந்தாள். தனக்கு வரப்போகும் பிள்ளை, முதன்முதலில் தன் தங்கையின் கையை உதைப்பதை நின்று பார்த்தாள். "ஜில்லோட கையை அப்படியே பிடிச்சு நெருப்புல வைக்கணும்போல இருந்துச்சு," என்று பிற்பாடு சொன்னாள். "என் தங்கச்சி கை அது. எனக்குத் தலை பின்னிவிட்ட கை. ஆனாலும் அப்படித்தான் தோணுச்சு."

கிளம்பும் நேரத்தில் ஷெல்பி கொரினிடம் தனியாக வந்தாள்.

"மிஸஸ் டெக்கர், ஒண்ணு கேக்கலாமா? பிரசவத்தப்போ என்கூட யாரும் இல்ல. உங்க தங்கச்சி ரூம்ல என்கூட இருப்பாங்களா?"

கொரின் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வேறு பொய்யாவது நல்லதாகச் சொல்லியிருப்பாள்.

"ஜில்லா? அவளுக்கு ரத்தத்தைப் பார்த்தாலே மயக்கம் வந்துடுமே," என்றாள்.

ஷெல்பி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஓ, சரி," என்றாள். வழியனுப்ப வந்த ஜில்லிடம் காருக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டும்விட்டாள். "ரத்தம்னா உங்களுக்கு மயக்கம் வருமாமே?"

மூன்று பெற்றவள், தோப்பு வீட்டில் கோழி அறுத்து வளர்ந்தவள், ஒரு கணம் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள். "தக்காளிச் சாறு கொட்டினாலே விழுந்துடுவேன்."

கார் போனதும் ஜில், அக்காவைக் கையைப் பிடித்து ஆப்பிள் பெட்டிகள் அடுக்கிய கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். நானும் ஹார்வியும் வெளியே கொப்பரையைக் கழுவிக்கொண்டிருந்தோம். காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

"என்ன சொல்லி வச்சிருக்கே அவகிட்ட?" என்றாள் ஜில்.

"உனக்கு எல்லாமே கிடைக்குது. இது ஒண்ணையாவது என்கிட்ட விட்டா என்ன?"

"நான் எதை எடுத்தேன்? துடுப்பைத்தானே குடுத்தேன்!"

"அவ வயித்துல கையை வச்சே!"

"அவ இழுத்து வச்சா! உதறிட்டு ஓடச் சொல்றியா?" ஜில்லின் குரல் உடைந்தது. "உனக்காக வாய் கூசாம பொய் சொல்லிட்டு வந்து நிக்கிறேன். இந்தப் பிள்ளை உனக்கு வரணும்னு நான் எவ்வளவு வேண்டிக்கிட்டேன் தெரியுமா? வந்தாத்தான் நான் என் பிள்ளைங்களை உன் முன்னால நிம்மதியாத் தூக்க முடியும். உன் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி கார்லயே அதுங்களைக் கொஞ்சி முடிச்சுட்டு வர்றவ நான்."

ஜில் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளைகளை வண்டியில் ஏற்றிப் போய்விட்டாள். ஹார்வி கழுவின கொப்பரையையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. பிள்ளைகள் வேஷம் கட்டி வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீன் ராத்திரி வந்தது. எங்கள் தெருவில் கொரின் வீட்டில்தான் முழு சாக்லேட் கட்டி கொடுப்பார்கள் என்று பேயும் மந்திரவாதியும் தேனீயுமாகப் பிள்ளைகள் முண்டியடித்தன. ஜில்லின் மூன்றும் வரவில்லை. கொரின் வாசலில் நின்று சாக்லேட்டைப் போட்டுக்கொண்டே, நடைபாதையில் கைவிளக்கோடு காத்திருக்கும் அம்மாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'இதுல ஒருத்தியா நிக்கத்தான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அந்தப் பொய்யாலயே நிக்க முடியாமப் போயிடுமோ' என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

பயந்ததுபோலவே மறுநாள் நோரீன் கூப்பிட்டாள். "ஷெல்பி உங்ககூடத் தனியாப் பேசணுமாம். என்ன விஷயம்னு என்கிட்ட சொல்லல."

கொரின் பஸ் வேலை முடிந்ததும் ஏரிக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். கோடைக்கு வந்த கூட்டமெல்லாம் போய், அந்த விடுதி ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. ஷெல்பி இடுப்பில் ஏப்ரனோடு வந்து, கேட்காமலே ஒரு கிண்ணம் சூப்பை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் கொரின் கொட்டிவிட்டாள்.

"நான் சொன்னது பொய். என் தங்கச்சிக்கு மயக்கமெல்லாம் வராது. எனக்குப் பொறாமை. நீ அவளோட சிரிச்சது பொறுக்கல. இதைக் கேட்டப்புறம் நீ வேற குடும்பத்தைப் பார்க்கிறதா இருந்தா, நான் குறை சொல்லமாட்டேன்."

ஷெல்பி மேசையைத் துடைக்கிற துணியை மடித்தாள். "எனக்கு அன்னிக்கே தெரியும். மூணு பெத்தவங்களுக்கு ரத்தம்னா மயக்கமா? எங்க சமையல்காரர்கிட்ட சொன்னேன், அவர் விழுந்து விழுந்து சிரிச்சார்."

கொரினுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"நான் ஏன் அவங்களைக் கேட்டேன்னு நீங்க என்கிட்ட கேக்கவே இல்லையே," என்றாள் ஷெல்பி. "அந்த நேரத்துல நான் அழுவேன். ரொம்ப அழுவேன். நீங்க பக்கத்துல நின்னா உங்க முகம் சந்தோஷமா இருக்கும். இருக்கணும், அதுதான் நியாயம். ஆனா அதை நான் அப்ப பார்க்கக் கூடாது. உங்களைப் பார்த்தா என்னால அழ முடியாது. அழாம என்னால பெத்துக் குடுக்க முடியாது."

கொரின் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னொண்ணு சொல்லட்டுமா? நானும் உங்க மேல பொறாமைப்படுறேன். உங்க ஆல்பத்தை எடுத்தப்போ பிள்ளைக்காகத்தான் எடுத்தேன். பார்க்கப் பார்க்க, எனக்கு இந்த வீட்டுல பொறக்கணும்னு ஆயிடுச்சு. இலையில விழுந்து கிடக்கிறாரே உங்க வீட்டுக்காரர், எங்க அப்பா ஒரு நாள் அப்படி விழுந்து நான் பார்த்ததில்ல. குடிச்சுட்டு விழுந்ததைத்தான் பார்த்திருக்கேன். வயித்துல இருக்கிற இதுக்கு அதெல்லாம் கிடைக்கப்போகுதுன்னு நினைச்சா சந்தோஷமாவும் இருக்கு, எரிச்சலாவும் இருக்கு. பொறக்காத பிள்ளை மேல யாராவது பொறாமைப்படுவாங்களா கொரின்?"

முதல் முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கொரின் எழுந்து அவள் பக்கத்துப் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாள். தேறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினாளாம், ஒன்றும் கிடைக்கவில்லை. "சூப் ஆறிடும், நீயும் குடி," என்றாள். ஒரே கிண்ணத்தில் இரண்டு கரண்டி போட்டுக் குடித்தார்கள்.

திரும்பும் வழியில் நேராகத் தங்கை வீட்டுக்குப் போனாள். ஜில் முற்றத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தாள். கொரின் இன்னொரு இலைவாரியை எடுத்து அவளோடு சேர்ந்து கூட்ட ஆரம்பித்தாள். பாதி முற்றம் முடிந்த பிறகுதான், "ஷெல்பிக்கு நீதான் வேணுமாம். போவியா?" என்றாள்.

"நீ எங்க இருப்பே?"

"வெளியே."

ஜில் வாரியைப் போட்டுவிட்டு அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

நவம்பர் கடைசியில் வரும் நன்றிப் பெருநாளுக்கு முந்தின வாரம், ஒரு முற்பகலில் வலி எடுத்தது. ஆஸ்பத்திரி நடையில் கொரினும் டர்க்கும் உட்கார்ந்திருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஷெல்பி கத்துவதும், "கடி, என் கையைக் கடி," என்று ஜில் சொல்வதும் கேட்டன. தங்கையின் கையைக் கடிக்கிறாளே, என் கையைக் கடிக்கக் கூடாதா என்று இருந்ததாம் கொரினுக்கு. எல்லாம் தெரிந்த பிறகும், தானே அனுப்பிவைத்த பிறகும், வயிறு எரியத்தான் செய்தது. டர்க் தன் கையை நீட்டினான். "வேணும்னா என்னைக் கடி," என்றான். அவள் நிஜமாகவே கடித்துவிட்டாள்.

பிள்ளை அழும் சத்தம் கேட்டது. பெண். கொரின் கதவைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்து ஜில் வெளியே வந்தாள், முகமெல்லாம் வீங்கி.

"எப்படி இருக்கா?" என்று கொரின் கேட்டாள்.

"யாரைக் கேக்கிறே?"

"ரெண்டு பேரையும்."

"பிள்ளை நல்லா இருக்கா. ஷெல்பி அழுது முடிக்கல. அவ கூப்பிடுற வரைக்கும் உள்ள போகாதே," என்றாள் ஜில்.

ஷெல்பி அன்று கூப்பிடவில்லை. மறுநாளும் கூப்பிடவில்லை. பிள்ளையைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். மனம் மாறினால் மாறட்டும், அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது என்று நோரீன் முன்பே சொல்லியிருந்தாள். அந்த நாட்களில் கொரின் பஸ் ஓட்டப் போனாள். வேறு என்ன செய்வது? அதற்கடுத்த நாள் ஷெல்பி கூப்பிட்டு அனுப்பினாள். பிள்ளையைக் கொரின் மடியில் வைத்துவிட்டு, "இவ பேரு வில்லா. நான் கூப்பிட்டுப் பார்த்துட்டேன், திரும்பிப் பார்த்தா," என்றாள்.

கொரின் பல வருஷமாக மனதுக்குள் எலீஸ் என்று ஒரு பெயரை வைத்திருந்தாள். "வில்லா நல்ல பேரு," என்றாள். எலீஸ் என்பதை டர்க்கிடம்கூட அவள் அதற்கப்புறம் எடுக்கவில்லை.

நீதிமன்ற வேலைகளும் ஒவ்வொன்றாக முடிந்தன. வில்லா எங்கள் ஊர்ப் பிள்ளையானாள். நிறைய அழுகிற பிள்ளை. ஜில் வந்து தூக்கினால் சட்டென்று வாயை மூடிவிடும். அதற்கும் கொரின் எரிந்தாள். வெளிப்படையாகவே எரிந்தாள் என்பதுதான் வித்தியாசம். "குடு இங்க, என் பிள்ளை, என்கிட்டயே அழட்டும்," என்று பிடுங்கிக்கொள்வாள். ஜில்லும், "வச்சுக்கோ, எனக்கு மூணு கழுதைங்க இருக்கு," என்று கொடுத்துவிடுவாள்.

அடுத்த அக்டோபரில் ஷெல்பியைக் கொரின் தன் குடும்பத்தோடு பூசணித் தோட்டத்துக்குக் கூப்பிட்டாள். தோட்டத்தைச் சுற்றிக் காட்டும் வைக்கோல் வண்டிக்காக நானும் என் மனைவியும் அவர்களோடு வரிசையில் நின்றிருந்தோம். ஷெல்பி பஸ்ஸில் வந்து இறங்கி, தூரத்திலிருந்தே கைகளை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். கொரினின் இடுப்பிலிருந்த வில்லா, புது முகத்தைக் கண்டதும் வீறிட்டு, அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கொரினுக்கு முதலில் உள்ளம் குளிர்ந்தது. அதை அவள் மறைக்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு பிள்ளை எல்லோர் முன்னாலும் அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. நிமிர்ந்து பார்த்தாள். ஷெல்பி நீட்டிய கைகளை மெல்ல மடக்கிக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டிருந்தாள். வாய் சிரித்தது. கண் சிரிக்கவில்லை. அந்த முகத்தைக் கொரினுக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் எத்தனையோ வருஷம் பார்த்த முகம்.

"பழகினதும் வருவா," என்றாள் கொரின்.

"எனக்கென்ன, பரவாயில்ல."

"பரவாயில்லன்னு சொல்லாதே. எரியுதுன்னு சொல்லு."

ஷெல்பி மூக்கை உறிஞ்சினாள். "எரியுது."

வண்டி வந்தது. ஏறியதும் டர்க் தள்ளி உட்கார்ந்து இடம்விட்டான். கொரின் ஷெல்பியை உரசிக்கொண்டு உட்கார்ந்து, வில்லாவை இரண்டு பேர் மடியிலும் பாதிப் பாதியாகப் படும்படி இறக்கினாள். பிள்ளை கொஞ்ச நேரம் கொரினின் சட்டையைப் பற்றிக்கொண்டிருந்தது. டிராக்டர் ஒரு குலுக்கு குலுக்கிக் கிளம்பியபோது அதன் கை நழுவி, ஷெல்பியின் கோட்டு ஜிப்பில் மாட்டியது. ஜிப் மேலும் கீழும் ஓடுவதைப் பார்த்ததும் பிள்ளை அதை விடவில்லை. இழுத்தது, இறக்கியது, மறுபடி இழுத்தது. தோட்டத்தைச் சுற்றி வரும் வரைக்கும், அந்தச் சின்னக் கை விலகிவிடாதபடி, ஷெல்பி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.